டாரிமாவின் பனி

அந்தக் கோடையில் விஷயம் முதலில் தெரிந்தது என் தம்பி கோம்போவுக்குத்தான். காலையில் ஒன்றுக்குப் போய்விட்டு வந்தவன் என் கூடார வாசலில் வந்து நின்றான். முகம் பேயடித்த மாதிரி இருந்தது.

"அக்கா, ஒண்ணுகூட வரலே."

"எது வரலே?"

"மானு. நான் தனியாப் போனேன், தனியாவே திரும்பி வந்தேன்."

எங்கள் காட்டில் யாரும் தனியாக ஒன்றுக்குப் போனதில்லை. நாங்கள் வளர்க்கிற பனிமானுக்கு உப்பென்றால் உயிர், அது மூத்திரத்தில் இருக்கிற உப்பானாலும் சரி. மனுஷன் புதர்ப் பக்கம் ஒதுங்கினால் போதும், எங்கிருந்தோ ஓடிவந்து முட்டிமோதிக்கொண்டு நிற்கும். புது மருமகள்கள் முதல் வாரம் அதற்காகவே அழுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தன் நிம்மதியாகப் போய்வந்தான் என்றால் அது கெட்ட செய்தி.

கோம்போவின் பெண்டாட்டி ஹந்தா அடுப்புப் பக்கத்திலிருந்து கத்தினாள்.

"இப்பத்தான் தெரியுதா? நேத்து சாயங்காலம் பால் கறக்க ஒண்ணும் இறங்கி வரலேன்னு நான் சொன்னப்ப, 'மாளாப்பனியில படுத்திருக்கும், வெயில் தாழ்ந்தா வரும்'னு யாரு சொன்னது?"

"வழக்கமா அப்படித்தானே வரும்."

"வழக்கமா நீ விடியறதுக்கு முன்னாடி எழுந்திருப்பே. அதுவும் இப்ப நடக்கலே."

மாளாப்பனி என்று நாங்கள் சொல்வது கணவாய்க்கு மேலே, குளிர்காலம் போனாலும் போகாமல் கிடக்கும் பனிக்கட்டியை. ஜூலை வெயில் ஏறியதும் மான்கள் தாமாகவே அங்கே போய்விடும். குளிர்ச்சி ஒன்று. அதைவிட முக்கியம், ஈ. மூக்குக்குள் புழு வைக்கிற அந்த ஈ பனிமேல் பறக்காது. சாயங்காலம் மான்கள் இறங்கும், ஹந்தா கறப்பாள், நாங்கள் டீ குடிப்போம். கோடை என்றால் அவ்வளவுதான்.

அன்றைக்கு டீ கறுப்பாக இருந்தது. குடித்துவிட்டு மூன்று பேரும் மேலே ஏறினோம். எனக்கு முழங்கால் சரியில்லை என்பதால் கோம்போவின் கிழட்டுக் குதிரை எனக்கு. அதற்கும் முழங்கால் சரியில்லை.

"அண்ணி, நீங்க வரணுமா?" என்றாள் ஹந்தா.

"நான் வரலேன்னா நீங்க ரெண்டு பேரும் வழியிலேயே சண்டை போட்டு, எதுக்குக் கிளம்பினோம்னு மறந்துடுவீங்க."

மேலே போனதும் சண்டை போட யாருக்கும் தோன்றவில்லை.

பனி இல்லை. போன கோடையில் பெரிய கூடாரம் அளவுக்காவது மிஞ்சியிருந்தது. இப்போது அந்த இடத்தில் கறுப்புச் சரளைக்கல்லும் ஈரச் சேறும்தான். பனிக்குள் எத்தனையோ காலமாக உறைந்து கிடந்த மான் சாணியெல்லாம் வெளியே வந்து, இன்றைக்குப் போட்ட மாதிரி நாறிக்கொண்டிருந்தது.

"எங்க பாட்டன் காலத்து மானோட சாணி" என்றான் கோம்போ.

"பாட்டனை விட நாத்தம் கம்மிதான்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

மான்கள் எல்லாம் அந்தச் சேற்றின் மேல்தான் நின்றன. இறங்கவும் இல்லை, மேயவும் இல்லை. வாசனை இருக்கிறது, இடம் இருக்கிறது, பனி வந்துவிடும் என்று காத்திருக்கிற மாதிரி. ஈ மொய்த்தது. தலையைத் தாழ்த்தி மூக்கைச் சரளையில் தேய்த்தன, காலை உதறின, வட்டமாகச் சுற்றிச்சுற்றி ஓடின. தாய்கள் ஒரு இடத்தில் நிற்காததால் குட்டிகளுக்கு முலை கிடைக்கவில்லை. கட்டிப்போட்டால் ஈ தின்றுவிடும் என்று நாங்களேதான் அந்த வாரம் குட்டிகளையும் அவிழ்த்து விட்டிருந்தோம். ஒரு குட்டி முன்னங்கால் மடங்கி விழுந்து கிடந்தது. ஹந்தா ஓடிப்போய் அதைத் தூக்கி மேலங்கிக்குள் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்கும் இப்படியே நின்னா குட்டிங்க போயிடும்" என்றாள். "குட்டி போனா தாய்க்குப் பால் வத்திடும். அப்புறம் நாம கீழே சாகான்நூர் டவுனுக்குப் போய் மக வீட்டு வாசல்ல உக்காந்து டிவி பாக்க வேண்டியதுதான். அவளும் அதைத்தான் போன்ல சொல்லிச் சொல்லிப் பாக்கறா."

"டிவி நல்லதுதான்" என்றான் கோம்போ மெல்ல.

"நீ போ. நான் போக மாட்டேன்."

அந்த மந்தை அவள் அப்பன் வீட்டிலிருந்து வந்தது. ஒவ்வொன்றுக்கும் தாய் யார், அதற்குத் தாய் யார் என்று சொல்லிக்கொண்டே போவாள். ஆள் சத்தம் போடுகிறவள். ஆனால் அன்று குட்டியின் காதுக்குள் ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உப்புப் பையைக் குலுக்கினோம். வந்தன, நக்கின, திரும்பவும் சேற்றுக்கே போய் நின்றன. ஈயை விரட்டப் புகை போடலாமென்றால் அந்த உயரத்தில் சுள்ளி கிடையாது. விரட்டினோம். நாலு பக்கமும் சிதறிவிட்டு அதே இடத்தில் கூடின. நடுவில் எங்கள் வெள்ளை ஆண்மான், வெள்ளையன், கல் மாதிரி நின்றான். அவன் நிற்கிற இடம்தான் மந்தைக்கு இடம்.

"வெள்ளையனுக்குக் கயிறு போட்டு இழுத்துட்டா மத்ததெல்லாம் பின்னாடியே வந்துடும்" என்று கோம்போ கயிற்றைச் சுருட்டினான்.

"கையை ஒடிச்சிடுவேன்."

"ஹந்தா, குட்டி சாகுது!"

"அவனை எதுக்கு விட்டோம்னு மறந்துட்டியா? நீ காய்ச்சல்ல கண்ணு சொருகிக் கிடந்தப்ப, 'இவனை எழுப்பிவிடு, இந்த மானை உனக்கே விட்டுடறேன், கயிறு போட மாட்டோம், கோல் தூக்க மாட்டோம்'னு மலைகிட்ட சொல்லி நீலத்துணி கட்டினவ நானு. நீ எழுந்திட்டே இல்லே?"

"எனக்காக விட்ட மானுதானே? நானே இழுக்கறேன்."

"உன் மானில்லே, மலையோட மானு. நீயும் பாதி மலையோடதுதான். பேசாம நில்லு."

கோம்போ என்னைப் பார்த்தான். நான் குதிரையின் காதைப் பார்த்தேன். வாக்கு வாக்குதான். ஹந்தா கட்டிய நீலத்துணி வெயிலில் வெளுத்துப்போய் வெள்ளையனின் கழுத்தில் இன்னமும் ஆடிக்கொண்டிருந்தது.

குட்டிக்குப் பால் வேண்டும். கோம்போவை மந்தைக்குக் காவல் வைத்துவிட்டு நாங்கள் இருவரும் கூடாரத்துக்கு இறங்கினோம். காலையில் கிளம்பிய அவசரத்தில் கறக்காமல் விட்ட ஒரே ஒரு மான்தான் அங்கே இருந்தது. சாம்பலி.

அவள் கதையைச் சொல்லியாக வேண்டும். சில வருஷத்துக்கு முன்னால் கிழக்குப் பக்கத்து டாரிமா தன் மகனுக்கு ஹந்தாவின் மகள் நர்மண்டாவைக் கேட்டு வந்தாள். பேசி முடித்து, நிச்சயத்துக்கு அடையாளமாக ஒரு பெண்மானைக் கொடுத்துவிட்டுப் போனாள். நர்மண்டாவோ பள்ளிக்கூடத்து லாரி டிரைவர்மேல் மனசை வைத்து, சாகான்நூரிலேயே குடும்பம் நடத்தப் போய்விட்டாள். ஹந்தா வெட்கத்தோடு மானைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். "கொடுத்ததை வாங்கற பழக்கம் எங்க வீட்டுல கிடையாது" என்று டாரிமா முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாளாம். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

சாம்பலி மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு கோடையிலும் வெயில் ஏறியதும் கிழக்கே ஓடப் பார்ப்பாள். மூக்கறுபட்ட வீட்டு வாசலில் போய் "எங்க மான் வந்துதா?" என்று கேட்க யாருக்குத்தான் மனசு வரும்? அதனால் ஜூலை பிறந்ததும் ஹந்தா அவள் கழுத்தில் ஒரு கட்டையைக் கட்டிவிடுவாள். நடந்தால் முழங்காலில் இடிக்கும், ஓட முடியாது.

அன்றைக்கும் கட்டையோடு நின்றாள், கிழக்கே பார்த்தபடி. ஹந்தா பாலைக் கறந்து, துணியை நனைத்துக் குட்டியின் வாயில் வைத்தாள். குட்டி சப்பியது. ஹந்தாவுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது, உடனே வாயும் வந்துவிட்டது.

"எப்பப் பாரு அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு! வந்த வீடு இத்தனை வருஷமாவா ஆகலே உனக்கு? அங்கே என்னடி வச்சிருக்கு?"

சொல்லிவிட்டுத் தானும் கிழக்கே திரும்பிப் பார்த்தாள்.

"ஆமா" என்றேன். "அங்கே என்ன வச்சிருக்கு?"

"அண்ணி."

"கேக்கறேன், சொல்லேன்."

"டாரிமாவோட பனி."

பனி யாருக்கும் சொந்தமில்லை. ஆனாலும் எந்த வீட்டு மான் எங்கே போகுமோ அந்த வீட்டுப் பேர் அதற்கு ஒட்டிக்கொள்ளும். டாரிமாவின் பனி ஒரு செங்குத்துப் பாறையின் வடக்கு மடியில், நாள் முழுக்க நிழலில் கிடப்பது. சாம்பலி அதன் பக்கத்தில் பிறந்தவள்.

"வழி தெரிஞ்ச ஒரே ஒருத்தியைக் கட்டிப் போட்டுட்டு, மத்ததையெல்லாம் சேத்துக்கு அனுப்பியிருக்கேன்" என்றாள் ஹந்தா. கத்தி ஏற்கனவே கையில் இருந்தது. ஒரே அறுப்பு, கட்டை விழுந்தது. கயிறு உராய்ந்த இடத்தில் முடி உதிர்ந்து தோல் சிவந்திருந்தது. அதைப் பார்த்தாள், வெண்ணெயைத் தேய்த்தாள்.

"டாரிமா விடுவாளா?"

"பனி என்ன அவ அப்பன் வீட்டுச் சீதனமா?"

"அப்ப இத்தனை வருஷமா ஏன் அந்தப் பக்கம் தலை வைக்கலே?"

"தேவைப்படலே. இப்ப தேவைப்படுது. குதிரையில ஏறுங்க."

சாம்பலியின் கழுத்தில் மணி ஒன்றைக் கட்டி, சேற்று மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனோம். கோம்போ நடந்ததைக் கேட்டுவிட்டு, "இது நடக்கும்னு நினைக்கிறியா?" என்றான்.

"நடக்கும்."

"எப்படித் தெரியும்?"

"நடக்கலேன்னா உன்னைக் கயிறு போட்டு இழுத்துட்டுப் போவேன், மானுங்க வேடிக்கை பாக்கவாவது பின்னாடி வரும்."

கயிற்றை அவிழ்த்தாள். சாம்பலி சேற்றை முகர்ந்தாள், தும்மினாள், அடுத்த நிமிஷம் மலை முதுகின் வழியே கிழக்கே நடந்தாள். ஓட்டமில்லை, தயக்கமும் இல்லை. சந்தைக்குப் போகிற பொம்பளை மாதிரி. மணி டிங் டிங் என்றது. ஹந்தா குட்டியை மேலங்கிக்குள் வைத்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே நடந்தாள், உப்புப் பையைக் குலுக்கியபடி.

முதலில் ஒன்றும் அசையவில்லை. அப்புறம் ஹந்தா வைத்திருந்த குட்டியின் தாய் தலையைத் தூக்கியது. குரல் கொடுத்துக்கொண்டு பின்னால் ஓடியது. அதன் அக்கா ஓடியது. ஒரு கிழட்டு ஆண் யோசித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பியது. அப்புறம் மடை திறந்த மாதிரி எல்லாம்.

வெள்ளையன் மட்டும் நின்றான்.

"ஹந்தா, அவன் வரலே!" என்று கோம்போ கத்தினான்.

"திரும்பிப் பாக்காதே! நடந்துக்கிட்டே இரு!"

"அவன் இல்லாம எப்படி?"

"அவனை நான் இழுக்க மாட்டேன்னுதான் சொன்னேன். தனியா நில்லுன்னு சொல்லலே. நடடா!"

நான் வயசானவள், திரும்பிப் பார்த்தேன். வெறும் சேறு, ஈ, நடுவில் அவன். மணிச் சத்தம் தூரத்தில் போகிறது. ஒரு சுற்று சுற்றினான். தலையை ஆட்டினான். அப்புறம் 'ஹக், ஹக்' என்று தொண்டையில் சத்தம் போட்டுக்கொண்டு நீலத்துணி பறக்கப் பாய்ந்து வந்தான். என் குதிரை மிரண்டு என்னைத் தள்ளப் பார்த்தது. தனியாக நிற்க எந்த மானுக்கும் மனசு வராது, மலையோட மானாக இருந்தாலும்.

வெயில் சாயத் தொடங்கும் நேரத்துக்குப் பாறை நிழல் தெரிந்தது. அதன் மடியில் அழுக்கேறிய வெள்ளையாகப் பனி. அதன்மேல் டாரிமாவின் மான்கள் படுத்திருந்தன. ஓரத்துக் கல்லில் டாரிமா உட்கார்ந்திருந்தாள், கழுத்தில் பைனாகுலர், கையில் டீ பிளாஸ்க். சின்ன உருவம், பெரிய குரல். நாங்கள் மலை முதுகில் தலை காட்டியபோதே பார்த்திருக்கிறாள்.

"வாங்க, வாங்க!" என்றாள். "தூரத்துல பாத்தப்பவே நினைச்சேன், யாரோ சம்பந்தம் பேச வர்றாங்கன்னு. எவ்வளவு கூட்டம்! செவ்ஜித் அக்கா, நீங்களுமா? குதிரை பாவம்."

"உன் மானைத் திருப்பிக் கொடுக்க வந்தேன்" என்றாள் ஹந்தா.

"ஒரு மானைத்தானே கொடுத்தேன்? எனக்கு நாப்பது தெரியுதே. கண்ணு கெட்டுப் போச்சா?"

"மத்தது துணைக்கு வந்தது."

"கொடுத்ததை வாங்கற பழக்கம் எங்க வீட்டுல இல்லேன்னு அன்னிக்கே சொன்னேன்."

"சரி, வாங்காதே. அது பாட்டுக்கு நிக்கட்டும். துணைக்கு வந்ததும் நிக்கட்டும்."

இவர்கள் இப்படிப் பேசிக்கொண்டிருக்க, மான்கள் யாரையும் கேட்கவில்லை. சாம்பலி நேராகப் பனி நடுவே போய் முன்னங்காலை மடித்துப் படுத்தாள். மற்றவை பின்னாலேயே ஏறின. ஈ ஓரத்தோடு நின்றுவிட்டது. ஹந்தா குட்டியை இறக்கி விட்டாள். அது தள்ளாடி நின்றது. தாய் வந்து முகர்ந்தது, நின்றது, அசையாமல் நின்றது. குட்டி முலையைப் பிடித்ததும் ஹந்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நேரம் அவள் உட்காரவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

டாரிமா பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றினாள். பால் டீ. ஹந்தாவிடம் நீட்டினாள்.

"உங்க பனி போயிடுச்சா?"

"முழுசாப் போயிடுச்சு. சாணிதான் மிச்சம்."

"என்னோடது போன வருஷம் அந்தச் செம்பாறை வரைக்கும் இருந்தது. இப்ப பாரு எங்க நிக்குதுன்னு. ரெண்டு மந்தை ஏறினா இந்தக் கோடையைத் தாங்குமா?"

"மத்தியானம் மட்டும் இதுல ஏத்துவோம்" என்றாள் ஹந்தா. டீ உள்ளே போனதும் அவள் பழைய ஹந்தா. "காலையிலயும் சாயங்காலமும் கீழே பள்ளத்தாக்குல புகை போடுவோம். உனக்கு அங்கே சுள்ளி இருக்கு. போட ஆள்தான் இல்லே. எங்ககிட்ட ஆள் இருக்கு, சுள்ளி இல்லே. நாளைக்கே கூடாரத்தைக் கழட்டிட்டு வர்றோம்."

"நான் வரச் சொன்னேனா?"

"சொல்லப் போறே."

டாரிமா சிரிப்பை அடக்க மூடியைத் திருகினாள். "இதுவும் போயிட்டா?"

"ஆத்துக்கு அப்பால வடக்குப் பிளவுல ஒண்ணு இருக்கு. சூரியன் எட்டிப் பாக்காத இடம். எங்கப்பா காட்டியிருக்காரு."

"எனக்கும் தெரியும். குட்டிங்களோட அந்த ஆத்தை ஒரு வீடு தனியாக் கடக்க முடியாது."

"ரெண்டு வீடு கடக்கலாம்."

"அடிப்பாவி" என்றாள் டாரிமா. "அதுக்காகத்தான்டி உன் பொண்ணைக் கேட்டேன்! என் பையன் அழகுக்கு எவ வருவான்னா கேட்டேன்? அன்னிக்கே என் பனி ஓரம் கரைய ஆரம்பிச்சிடுச்சு. ரெண்டு மந்தை ஒண்ணானா எங்க வேணா போகலாம்னு கணக்குப் போட்டேன். நீ என்னடான்னா மானைக் கையில பிடிச்சுக்கிட்டு மன்னிப்புக் கேக்க வந்து நிக்கறே."

"இதை அன்னிக்கே சொல்ல வேண்டியதுதானே?"

"கோவம் வந்துடுச்சு."

"எனக்கு வெக்கம் வந்துடுச்சு."

"நல்லா வந்துது ரெண்டு பேருக்கும்" என்றேன் நான். "எனக்கு டீ எப்ப வரும்?"

டாரிமா எழுந்து போய் சாம்பலியின் கழுத்தைத் தடவினாள். சிவந்த இடத்தில் விரல் நின்றது.

"கட்டையா கட்டினே?"

"கட்டினேன்."

"என் மானுக்கு?"

"இப்பத்தான் உன் மானில்லேன்னே?"

"கழுத்தைப் பாத்தப்புறம் என் மானுதான். இவளை இனி நான்தான் கறப்பேன்."

"கற. பால் பாதி எனக்கு."

"கால்வாசி."

"பாதி. உன் அடுப்புக்கு என் புருஷன்தான் சுள்ளி வெட்டப் போறான்."

"அவனா? அவன் வெட்டற சுள்ளிக்குக் கால்வாசியே அதிகம்."

கோம்போவிடம் அபிப்பிராயம் கேட்கலாம் என்று திரும்பினால் ஆளைக் காணவில்லை. பாறைக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கிறான். படுத்திருந்த மான்களில் ஒன்று காதை நிமிர்த்தியது. இன்னொன்று எழுந்தது. பிறகு பனி முழுக்கக் குளம்புச் சத்தம். எங்களுடையது, டாரிமாவுடையது என்று பேதமில்லாமல் எல்லாம் பாறையைச் சுற்றி ஓடின. முதலில் போனது வெள்ளையன்.

"அக்கா!" என்று பாறைக்குப் பின்னாலிருந்து கூக்குரல் வந்தது. "அக்கா, இதுங்களைக் கொஞ்சம் பிடியேன்! ஐயோ, தள்ளாதே! இரு, இருங்கடா!"

ஹந்தா மூடியில் மிச்சமிருந்த டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, இன்னும் ஊற்றச் சொல்லி டாரிமாவிடம் நீட்டினாள்.